சுண்டெலி மீண்டது, மகளும் மீள்வாளா?

கேள்வி: என் நான்கு வயது மகளுக்கு ரெட் சிண்ட்ரோம் என்னும் மூளை வளர்ச்சி நோய் இருப்பது மரபணுப் பரிசோதனையில் உறுதியாகியுள்ளது. இதே நோயை எலிகளில் குணப்படுத்திவிட்டதாக உறவினர் ஒருவர் செய்தி அனுப்பினார். அதை நம்பலாமா? – ஒரு தாய்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, அந்தச் செய்தி பொய்யன்று. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் மரபியல் ஆய்வாளர் ஏட்ரியன் பேர்டின் குழுவினர், இந்நோய்க்குக் காரணமான எம்.இ.சி.பி.2 மரபணுவைச் சுண்டெலிகளில் அழிக்காமல், அதன் நடுவே ஒரு தடையை மட்டும் வைத்தனர். எலிகள் நோயுற்று, நடை தளர்ந்து, மூச்சு சீர்கெட்ட பிறகு மருந்து கொடுத்து அத்தடையைப் படிப்படியாக நீக்கியபோது, அவற்றில் பெரும்பாலானவை தேறின. 2007-இல் வெளிவந்த இம்முடிவு, வளர்ச்சிக் காலத்தில் தவறியது என்றென்றைக்கும் தவறியதே என்ற அச்சத்தைத் தகர்த்தது. இந்நோயில் நரம்பணுக்கள் மடிவதில்லை. தமக்குத் தேவையான புரதம் இன்றித் தடுமாறுகின்றன. எந்தக் குழந்தையிடமும் செய்து பார்க்க முடியாத இச்சோதனையை எலிகளிடம் செய்ததாலேயே நாம் இதை அறிந்தோம்.

ஆயினும் அது சிகிச்சையன்று. அந்த எலிகளின் தடை, நீக்குவதற்கென்றே பிறப்புக்கு முன் வைக்கப்பட்டது. உங்கள் மகளின் மரபணுவில் இருப்பதோ எழுத்துப் பிழை போன்ற மாற்றம். அப்புரதத்தின் அளவும் மிக முக்கியம். தடையை ஒரேயடியாக நீக்கியபோது ஏறத்தாழப் பாதி எலிகள் இறந்தன. இதே மரபணு இரட்டிப்பாக இருப்பது மனிதர்களில் இன்னொரு கடும் நோயாகும். மேலும், ஆய்வுகள் பலவும் விரைவில் நோயுறும் ஆண் எலிகளில் நடப்பவை. பெண் குழந்தையின் மூளையிலோ, நல்ல மரபணு இயங்கும் உயிரணுக்களும் பழுதானது இயங்கும் உயிரணுக்களும் கலந்திருக்கின்றன. நல்ல உயிரணுக்களுக்கு அம்மரபணுவை மிகுதியாகத் தராமல் மற்றவற்றுக்கு மட்டும் தருவது எப்படி என்பதே மரபணுச் சிகிச்சையாளர்களின் பெருங்கவலை.

எலிகளில் வென்று மனிதர்களில் தோற்றதற்குச் சான்று, பரம்பரை அறிவுத்திறன் குறைபாடான ஃப்ரஜைல் எக்ஸ். அந்நோயுள்ள எலிகள் 1994-இல் உருவாக்கப்பட்டன. அவற்றுக்கு நன்கு உதவிய மருந்துவகை, நோயாளிகளிடம் நடந்த பெரிய சோதனைகளில் பலன் தரவில்லை. ரெட் சிண்ட்ரோமுக்கு 2023-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ட்ரோஃபினடைடு என்ற மருந்தும் எலி ஆய்வுகளின் வழியே வந்ததுதான். அது அறிகுறிகளைச் சற்றுக் குறைக்கிறது, நோயைக் குணமாக்குவதில்லை, வயிற்றுப்போக்கும் அதிகம்.

ஆகவே, எலி ஆய்வைக் காட்டி எவரேனும் பணம் கேட்டால் உறுதியாக மறுத்துவிடுங்கள். வலிப்பு, முதுகுத்தண்டு வளைவு, உணவூட்டல் ஆகியவற்றை மருத்துவரிடம் தவறாமல் கவனியுங்கள்; கண்பார்வையால் கருத்தைத் தெரிவிக்கும் பயிற்சியை இப்போதே தொடங்குங்கள். மகளின் மரபணு அறிக்கையையும் பத்திரப்படுத்துங்கள். எதிர்காலத்தில் எந்த மருந்துச் சோதனையில் சேர விரும்பினாலும் அதுவே தேவைப்படும்.