ஒரு குழாய் ரத்தம், ஐந்நூறு புரதம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். பாம்பன் சின்னப்பாலத்திலிருந்து எழுதுகிறேன். எம்.எஸ்ஸி. உயிர்வேதியியல் முதலாண்டு படிக்கிறேன். அம்மா கடலில் பாசி எடுக்கப் போகிறவர். போன மாதம் எங்கள் ஊருக்கு ஓர் ஆய்வுக் குழு வந்தது. பாசி எடுத்துவிட்டுக் கரையில் இறங்கிய கையோடு, மத்தியான வெயிலில் பந்தல் போட்டு, பெண்களிடம் ஆளுக்கு ஒரு குழாய் ரத்தம் எடுத்தார்கள். கையெழுத்து வாங்கிய தாள் ஆங்கிலத்தில் இருந்தது. ஆன்டிபாடி அர்ரே முறையில், அதாவது புரதங்களைப் பிடிக்கிற ஆன்டிபாடிகளைக் கண்ணாடித் துண்டில் புள்ளி புள்ளியாக வைத்து, சுமார் 500 புரதங்களை அளப்பார்களாம். கடல் வேலை பெண்களின் உடம்பை என்ன செய்கிறது என்பது ஆய்வு. ஒப்பிட்டுப் பார்க்க மதுரையில் ஆய்வகத்தில் வேலை செய்யும் பெண்களின் ரத்தம். எங்கள் குழாய்கள் சாயங்காலம் காரில் மதுரைக்குப் போயின.

இப்போது தெருவில் எல்லாரும் என்னைக் கேட்கிறார்கள்: "ஐநூறு டெஸ்ட் எடுத்திருக்காங்களே, என்ன நோய் இருக்குன்னு சொல்லிருவாங்கல்ல?" அம்மாவுக்குச் சில மாதமாகத் தலைச்சுற்றல். அந்த ரிசல்ட் வரட்டும் என்று ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்கிறார். எங்கள் பாடத்தில், ஆன்டிபாடியை வைத்து ஒரு நேரத்தில் ஒரு புரதத்தை அளக்கும் எலைசா வரைக்கும்தான் இருக்கிறது. ஒரு குழாயில் 500 புரதம் அளக்க முடியுமா? அதை எவ்வளவு நம்பலாம்?

ச., பாம்பன்

அன்புள்ள ச.,

முதலில் அம்மாவை ராமேஸ்வரம் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள், இந்த வாரமே. ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், சர்க்கரை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பார்க்கச் சொல்லுங்கள். பெண்களுக்கு 100 மில்லி ரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை என்று சொல்ல ஊர் உலகத்துக்கெல்லாம் பொதுவான அளவு இருக்கிறது. அர்ரேயில் வருவது புள்ளியின் பிரகாசம். 500 புரதத்தில் பெரும்பாலானவற்றுக்கு, இதற்கு மேல் போனால் நோய் என்று யாரும் கோடு போட்டு வைக்கவில்லை. இரண்டு கூட்டத்தாருக்கு நடுவே எது கூடியிருக்கிறது, எது குறைந்திருக்கிறது என்று துப்புத் தேடுகிற கருவி அது. உங்கள் அம்மாவுக்கு என்ன என்று அது சொல்லாது. தெருவில் கேட்பவர்களிடமும் இதைத் தயங்காமல் சொல்லிவிடுங்கள்.

சரி, அளக்க முடியுமா? முடியும். எலைசாவில் ஒரு குழிக்கு ஒரு புரதம், சுமார் 100 மைக்ரோலிட்டர் பிளாஸ்மா (ரத்தத்தில் அணுக்களை நீக்கிய திரவம்) என்று வைத்துக்கொண்டால், 500 புரதத்துக்கு 50 மில்லி பிளாஸ்மா வேண்டும். அதற்கு ஒரு ஆளிடமிருந்து சுமார் 100 மில்லி ரத்தம் உறிஞ்ச வேண்டும். அர்ரே அந்தக் கணக்கையே மாற்றிவிட்டது. மூன்று அங்குல நீளமும் ஓர் அங்குல அகலமும் உள்ள கண்ணாடித் துண்டு. அதன்மேல் மயிரிழை அகலமே உள்ள புள்ளிகளாக ஆன்டிபாடிகளை இயந்திரம் வைத்துக்கொண்டே போகும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு புரதத்தைப் பிடிக்க. அதன்மேல் துளி பிளாஸ்மாவை விட்டு, ஊறவைத்து, கழுவி, அதே புரதங்களை இன்னோர் இடத்தில் பிடிக்கிற, சாயம் வந்து ஒட்டுவதற்கான பயோட்டின் என்ற பொருள் கட்டிய இரண்டாம் ஆன்டிபாடிகளை ஊற்றி, மறுபடி கழுவி, ஒளிரும் சாயத்தைச் சேர்த்து, லேசர் ஸ்கேனரில் வைப்பார்கள். கறுப்புத் திரையில் வரிசை வரிசையாகப் புள்ளிகள் எழும். மூலைகளில் எப்போதும் பளிச்சென்று இருப்பவை ஸ்லைடு சரியாக வேலை செய்ததா என்று பார்க்க வைத்தவை. மற்றவற்றில் சில கண்ணைக் கூசும், சில இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. அந்த மங்கல் புள்ளிகளில்தான் பெரும்பாலும் ஆய்வின் உயிர் இருக்கிறது. ஒரு லிட்டர் பிளாஸ்மாவில் ஆல்புமின் 40 கிராம் போல இருக்கும். அழற்சியைக் காட்டும் இன்டர்லூகின்-6 ஒரு மில்லியில் சில பிக்கோகிராம்தான். எடையில் ஒன்றுக்கு ஆயிரம் கோடி வித்தியாசம். இவ்வளவு கூட்டத்துக்குள் அந்தச் சிறியதைப் பிடிக்கிற ஆன்டிபாடியை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான்.

இடையில் ஒன்று. உங்கள் அம்மா எடுக்கிற மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து அகர் வருகிறதே, ஆன்டிபாடியும் புரதமும் சந்திப்பதைக் கண்ணால் பார்க்க முதலில் உதவியவற்றில் அந்த அகரும் ஒன்று. ஸ்வீடனின் ஊக்டர்லோனி 1940களில் அகர் கூழில் இரண்டு குழி வெட்டி, ஒன்றில் ஆன்டிபாடியையும் மற்றதில் புரதத்தையும் விட்டார். இரண்டும் ஊறி வந்து சந்தித்த இடத்தில் வெள்ளைக் கோடு விழுந்தது. அம்மாவுக்குச் சொல்லுங்கள்.

நம்பிக்கை விஷயத்துக்கு வருவோம். எல்லா ஆன்டிபாடியும் யோக்கியமானதில்லை. 2001ல் ஸ்டான்ஃபோர்டில் பேட்ரிக் பிரவுன் குழுவினர் 115 ஜோடி ஆன்டிபாடி, புரதங்களை வைத்துச் சோதித்தார்கள். கண்ணாடியில் ஒட்டிய ஆன்டிபாடிகளில் ஐந்தில் ஒரு பங்குதான் சோதித்த அளவில் தன் புரதத்தைச் சரியாக அளந்தது. அதன்பிறகு நுட்பம் வெகுதூரம் வந்துவிட்டது. ஆனாலும் 500 இரண்டாம் ஆன்டிபாடிகளை ஒன்றாக ஊற்றினால், எது எந்தப் புள்ளியில் தவறாக ஒட்டும் என்பதற்கு இரண்டரை லட்சம் வாய்ப்பு. இதைச் சமாளிக்க ஆன்டிபாடி ஒவ்வொன்றுக்கும் ஒரு டிஎன்ஏ வால் கட்டி, சரியான இரண்டும் ஒரே புரதத்தில் உட்கார்ந்து வால்கள் இணைந்தால் மட்டும் கணக்கில் எடுக்கும் முறை வந்திருக்கிறது. பல லட்சம் பேரின் உடல்நலத் தகவல்களைச் சேர்த்து வைத்திருக்கும் பிரிட்டனின் யுகே பயோபேங்க் 50,000 பேருக்கு மேல், சுமார் 2,900 புரதங்களை அந்த வழியில்தான் அளந்தது.

இதெல்லாம் அவர்கள் வேலை, அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். என்னை உறுத்துவது உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் எழுதிய இரண்டு வரிகள்: கரையில் இறங்கிய கையோடு எடுத்தது, சாயங்காலம் மதுரைக்குப் போனது.

விடிகாலையில் போய், மணிக்கணக்கில் முங்கி எழுந்து, தண்ணீர்கூடச் சரியாகக் குடிக்காமல் திரும்பியவர்களின் ரத்தம் அது. கடும் உழைப்பு முடிந்த கையோடு இன்டர்லூகின்-6 ஏறியிருக்கும். தசையிலிருந்து மயோகுளோபின் கசிந்திருக்கும். உடம்பில் நீர் குறைந்தால் எல்லாப் புரதமும் கெட்டிப்பட்டுத் தெரியும். விரல்களில் துணி சுற்றிக்கொண்டாலும் பவளப்பாறை கீறாமல் விடுவதில்லை. முந்தின நாள் கீறல் சீழ் வைத்தால் சி-ரியாக்டிவ் புரதம் கூடும். அந்தப் பக்கம் ஒப்பிடுவதற்கு, மின்விசிறிக்கடியில் உட்கார்ந்திருக்கிற மதுரைப் பெண்கள். வித்தியாசம் வராமல் என்ன செய்யும்? கட்டாயம் வரும். அது பல வருடக் கடல் வேலை செய்ததா, அன்று காலை ஆறு மணி நேரம் செய்ததா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

அப்புறம் அந்தக் கார் பயணம். ஐஸ் போடாமல் கரையில் கிடந்த மீன் சாயங்காலம் என்ன ஆகும் என்று உங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். குழாயில் இருக்கும் ரத்தமும் சும்மா இருப்பதில்லை. அணுக்கள் உயிரோடு இருக்கின்றன. தட்டணுக்களும் வெள்ளணுக்களும் தம்மிடமுள்ள புரதங்களை வெளியே விட்டுக்கொண்டிருக்கும், சிவப்பணுக்கள் உடையும். எடுத்த கொஞ்ச நேரத்தில் சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, பிளாஸ்மாவைப் பிரித்து, மைனஸ் 80 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். மதுரைப் பெண்களின் ரத்தம் எடுத்த கட்டடத்திலேயே சுற்றப்பட்டிருந்தால், கிடைக்கிற வித்தியாசத்தில் எவ்வளவு உங்கள் பெண்களுடையது, எவ்வளவு ராமநாதபுரம் சாலையுடையது?

2008ல் அமெரிக்காவில் சினைப்பைப் புற்றுநோயை ஆரம்பத்திலேயே காட்டும் என்று, 6 புரதங்களை ஒன்றாக அளக்கும் ரத்தப் பரிசோதனை ஒன்று விற்பனைக்கு வந்தது. அந்த ஆண்டே அது திரும்பப் பெறப்பட்டது. அந்த ஆறில் ஒன்று புரோலாக்டின். மனப் பதற்றத்தில் ஏறுகிற ஹார்மோன் அது. அறுவை சிகிச்சைக்குச் சற்று முன் எடுத்த ரத்தத்தில் நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது கூடியிருக்கும் என்று மற்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆறு புரதத்திலேயே இப்படி. 500ஐ, தற்செயலாக நூற்றுக்கு ஐந்து தவறலாம் என்று ஒப்புக்கொள்ளும் வழக்கமான வரம்பில் சோதித்தால், ஒன்றுமே இல்லாத இடத்திலும் 25 புரதம் 'வித்தியாசம்' என்று வந்து நிற்கும். அதைத் திருத்தும் கணக்கைப் போட்டு, வேறு ஆட்களின் ரத்தத்தில் எலைசா வைத்துச் சரிபார்த்த பிறகுதான் ஒரு புரதத்தின் பெயரை வெளியே சொல்ல வேண்டும்.

இதனால் அந்த ஆய்வே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பாசி எடுக்கும் பெண்களின் உடம்பைப் பற்றி யாராவது அக்கறையாகக் கேட்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அதனாலேயே அது சரியாக நடக்க வேண்டும் என்று மனம் அடித்துக்கொள்கிறது. குழுவிடம் நீங்களே பேசுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம் இருக்கிறதே, அப்போது பாசிக்குப் போகாமல் வீட்டில் இருக்கிற நாட்களில், இதே பெண்களிடம் காலையில் வெறும் வயிற்றில் மறுபடி ரத்தம் எடுக்கட்டும். ஒரு பெண்ணை அவளோடேயே ஒப்பிடலாம். மதுரைக்குப் பதில் பாம்பனிலேயே கடலுக்குப் போகாத பெண்களைச் சேர்க்கட்டும். ஒரு சின்ன சென்ட்ரிஃபியூஜை ஊருக்கே கொண்டுவந்து சுற்றட்டும்.

கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 நெறிமுறைகளின்படி, ரத்தம் கொடுப்பவருக்குப் புரிகிற மொழியில் எல்லாம் விளக்கிய பிறகுதான் கையெழுத்து வாங்க வேண்டும். மிச்ச ரத்தத்தை வைத்துக்கொள்ளவும் சம்மதம் வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அந்த ஆங்கிலத் தாளின் நகல் யாரிடமாவது இருந்தால் எனக்கு அனுப்புங்கள். தமிழில் எழுதித் தருகிறேன், தெருவில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.