ஆட்டோகாக்கர்: வால்வு வாங்கும் முன் ஸ்பிரிங்கைப் பாருங்கள்

நண்பரே, உயர் அழுத்தக் காற்றில் 450 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) வைத்தும் உங்கள் ஆட்டோகாக்கர் பெயிண்ட்பால் துப்பாக்கியின் குண்டு வினாடிக்கு 240 அடியைத் தாண்டவில்லை, வால்வு, ஹாமர் (வால்வை அடித்துத் திறக்கும் சுத்தி), ராம் (குண்டை உள்ளே தள்ளும் போல்ட்டை நகர்த்தும் பிஸ்டன்) மூன்றையும் மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்றாக மாற்றவே மாற்றாதீர்கள். எது சரிசெய்தது, எது கெடுத்தது என்றே பிறகு தெரியாது.

முதலில் ஒரு ஸ்பிரிங் செட் போதும். ஹாமரைத் தள்ளும் நடுத்தர மெயின் ஸ்பிரிங், வால்வை மூடும் மென்மையான வால்வு ஸ்பிரிங். ரெகுலேட்டரை 300-க்கு இறக்கி, முகக்கவசத்தோடு க்ரோனோ (குண்டின் வேகம் அளக்கும் கருவி) முன் நின்று, கால் சுற்றாக ஏற்றிக்கொண்டே சுடுங்கள். வேகம் ஏறும், ஓரிடத்தில் நிற்கும், பிறகு அழுத்தம் கூடக் கூட இறங்கும். வால்வை அழுத்திப் பிடித்திருக்கும் காற்றை மீறி ஹாமரால் அதைத் திறக்க முடியவில்லை என்று அர்த்தம். உங்கள் 450 அநேகமாக அந்த இறக்கத்தில்தான் இருக்கிறது. உச்சிக்குச் சற்றுக் கீழே நிறுத்தி, மைதானம் சொல்லும் வேகத்தை, பெரும்பாலும் 280, மெயின் ஸ்பிரிங்கின் இறுக்கத்தை மாற்றும் பின்புற ஐவிஜி திருகால் பிடியுங்கள்.

பேரல் வழியே சீறல் கேட்டால் கப் சீலை (வால்வை அடைக்கும் மூடியை) மாற்றுங்கள். அதன் முகத்தில் மயிரிழை அளவு கீறல் இருந்தாலே கசியும். திறக்கும் முன் சிலிண்டரைக் கழற்றி, மிச்சக் காற்றையும் சுட்டு வெளியேற்றிவிடுங்கள்.

ராம் மந்தமாக இருந்தால் ஓ-ரிங்குக்கு எண்ணெய் விட்டு, எல்பிஆரை (ராமுக்குக் குறைந்த அழுத்தக் காற்று தரும் ரெகுலேட்டரை) கொஞ்சம் ஏற்றுங்கள். அதிகம் ஏற்றினால் போல்ட் குண்டை நசுக்கும்.

ஹாமரைத் தொட்டால் அதிலுள்ள லக்கை (ட்ரிகர் எப்போது ஹாமரை விடுவிக்கும் என்பதைத் தீர்மானிக்கும் திருகை) புதிதாக அமைக்க வேண்டும்: ட்ரிகரை இழுக்கும்போது முதலில் ஹாமர் விழ வேண்டும், அதற்குப் பிறகே த்ரீ-வே (ராமுக்குப் போகும் காற்றைத் திசைமாற்றும் வால்வு) மாற வேண்டும்.