தட்டும் டப்பாவும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: கிறிஸ்துமஸ் என்றாலே இப்போது துணிக்கடைத் தள்ளுபடியும் கேக் விளம்பரமும்தான். கலப்படமில்லாத அந்தப் பழைய கிறிஸ்துமஸ் எங்கே போனது?
(வாசகர், பசுமலை)

பதில்: பசுமலையிலிருந்து இந்தக் கேள்வி வருவதுதான் வேடிக்கை. 1834-ல் மதுரைக்கு வந்து வேலை தொடங்கி, உங்கள் பசுமலையிலும் காலூன்றிய அமெரிக்க மிஷனுக்குத் தலைமையகம் பாஸ்டனில் இருந்தது. அந்த பாஸ்டன் இருக்கிற மாசசூசெட்ஸில்தான் 1659-ல், கிறிஸ்துமஸ் கொண்டாடினால் 5 ஷில்லிங் அபராதம் என்று சட்டமே போட்டார்கள். போட்டவர்கள் வேறு மதத்துக்காரர்கள் இல்லை, பக்தி முற்றிய பியூரிட்டன் கிறிஸ்தவர்கள். டிசம்பர் 25 என்று பைபிளில் எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள் (இல்லைதான், ரோமில் அந்தத் தேதியில் விழா நடந்ததற்குக் கிடைக்கிற முதல் குறிப்பே 336-ம் ஆண்டுக்கு உரியது). தேதியைவிடப் பெரிய கோபம், அன்றைக்கு ஜனங்கள் குடித்துவிட்டுச் சூதாடி ரகளை செய்ததில். 1681-ல் சட்டம் போய்விட்டது, மனசு மாறவில்லை. 1856-ல்தான் அந்த மாநிலத்தில் கிறிஸ்துமஸுக்கு லீவே விட்டார்கள்.

நீங்கள் தேடுகிற, குடும்பமும் குழந்தைகளும் மரமும் பரிசுமாக இருக்கிற கிறிஸ்துமஸ் பெரும்பாலும் 19-ம் நூற்றாண்டுச் சரக்கு. விற்பனைக்கென்று முதல் வாழ்த்து அட்டை லண்டனில் அச்சானது 1843-ல். விக்டோரியா ராணி குடும்பத்தோடு மரத்தைச் சுற்றி நிற்கிற படம் 1848-ல் பத்திரிகையில் வந்ததும், மரம் வைப்பது அங்கே ஃபேஷனாகிவிட்டது. தெருவில் ஆடிய விழா வீட்டுக்குள் போனபோது கடைக்காரரும் கூடவே உள்ளே போய்விட்டார்.

சரி, எனக்கு ஒன்றுமே போகவில்லையா என்றால், போயிருக்கிறது. நான் வளர்ந்த தெருவில் டிசம்பர் 25 காலையில் அடுத்த வீட்டு அக்கா எவர்சில்வர் தட்டில் அச்சுமுறுக்கு, கலகலா, முந்திரிக்கொத்து எல்லாம் வைத்துப் பேப்பரால் மூடிக் கொண்டுவருவார். தட்டைக் காலியாகத் திருப்பித் தரக்கூடாது என்று அம்மா ஒரு கை சீனியாவது போட்டுத்தான் கொடுத்தனுப்புவார், தீபாவளிக்கு எங்கள் தட்டு அங்கே போய் அதே மாதிரி சீனியோடு திரும்பி வரும். போன வருஷம் அந்த வீட்டிலிருந்து ஆன்லைனில் ஆர்டர் போட்ட கேக் வந்தது. நல்ல கேக்தான், குறை சொல்ல மாட்டேன். அட்டை டப்பாவை யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

கேள்வி: கிறிஸ்துமஸ் தாத்தாவுக்குச் சிவப்புச் சட்டை போட்டுவிட்டதே கோகோ கோலா என்கிறார்களே?
(வாசகி, அரசரடி)

பதில்: போடவில்லை, ஊரெல்லாம் காட்டிவிட்டது. மூலவர் இன்றைய துருக்கியில் இருக்கிற மைரா ஊரின் பிஷப், புனித நிக்கோலஸ். கார்ட்டூனிஸ்ட் தாமஸ் நாஸ்ட் 1863 முதல் அமெரிக்கப் பத்திரிகையில் வரைந்துவரைந்து அவரைத் தொப்பையும் தாடியுமாக ஆக்கினார், சிவப்பும் அந்த நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. குளிர்காலத்தில் யார் ஜில்லென்று சோடா குடிப்பார்கள்? அதற்காகத்தான் கோகோ கோலா 1931-ல் ஹாடன் சண்ட்ப்ளோம் என்ற ஓவியரைப் பிடித்து அந்தத் தாத்தாவை வரையவைத்தது. ஆடியில் கல்யாணம் இல்லை, வியாபாரம் படுத்துவிடும் என்று நம் விளக்குத்தூண் ஜவுளிக்கடைகள் ஆடித் தள்ளுபடி போடுகிற அதே கணக்குதான்.

கேள்வி: ஆபீஸில் ‘சீக்ரெட் சாண்டா’வுக்கு 500 ரூபாய்க்குக் குறையாமல் பரிசு வாங்கச் சொல்கிறார்கள். என்ன வாங்கலாம்?
(வாசகர், திருமங்கலம்)

பதில்: குறையாமலா? நாங்கள் கல்லூரியில் கிறிஸ்மாம், கிறிஸ்சைல்ட் என்று சீட்டு எடுத்து, வந்த பேருக்கு ரகசியமாகப் பரிசு கொடுத்து விளையாடியபோது அஞ்சு ரூபாய்க்கு மேல் போகக்கூடாது என்பதுதான் விதி. முந்திரிக்கொத்து வாங்கி எவர்சில்வர் டப்பாவில் போட்டுக் கொடுங்கள். அடியில் உங்கள் பேரை வெட்ட மறக்காதீர்கள், டப்பா திரும்பி வரவேண்டும்.