கொல்லை வாசல் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அம்மா,

வணக்கம். நானும் மனைவியும் ஐந்து ஆண்டுகளாக இங்கிலாந்தில் இருக்கிறோம். சென்ற மாதம் எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மருத்துவமனை வளாகத்துக்குள்ளேயே, பிரசவம் பார்க்கப் பயிற்சி பெற்ற மிட்வைஃப்கள் மட்டும் நடத்தும் தனிப் பிரிவில்தான் பிரசவம். பத்தொன்பது மணி நேர வலி. ஒரு டாக்டரைக்கூட நாங்கள் பார்க்கவில்லை. வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டி, மங்கலான விளக்கு, வலி கூடும்போது இழுத்துக்கொள்ள ஒரு வாயு. நான் இடுப்பை அழுத்திவிட்டுக்கொண்டே இருந்தேன். மிட்வைஃப் பாதி நேரம் மூலையில் சும்மா உட்கார்ந்திருந்தார். குழந்தை வந்ததும் தாயின் மார்பில் போட்டார், தொடையில் ஓர் ஊசி போட்டார், கொடியின் துடிப்பு அடங்கும்வரை காத்திருந்து என்னையே வெட்டச் சொன்னார். அவ்வளவுதான். முழுக்க முழுக்க இயற்கைப் பிரசவம்.

நம் பாட்டிகள் இப்படித்தானே பெற்றார்கள்? காட்டில் பிள்ளையைப் பெற்றுவிட்டு மறுநாளே களை எடுக்கப் போனார்கள். ஆங்கில மருத்துவம் வந்து அதையெல்லாம் அழித்துவிட்டது. வெள்ளைக்காரன் பாதுகாத்து வைத்திருப்பதை நாம் தொலைத்துவிட்டோம். அடுத்த குழந்தையை ஊரில், எங்கள் வீட்டிலேயே, ஒரு நல்ல மருத்துவச்சியை வைத்துப் பெற வேண்டும் என்று ஆசைப்படுகிறோம். உங்கள் கதைகளில் மருத்துவச்சிகள் வருவதால் கேட்கிறேன்: அப்படி யாராவது இன்னும் இருக்கிறார்களா? இன்னொன்று, பிரசவ அறையில் நான் இருந்ததைச் சொன்னால் ஊரில் கேலி செய்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பிக்கு,

குழந்தைக்கு என் ஆசி. உங்கள் மனைவிக்கு அதைப்போல இரண்டு மடங்கு. பத்தொன்பது மணி நேரம் என்பது எழுதும்போது அரை வரிதான்.

கேலி செய்கிறவர்களை விடுங்கள். அவர்களுக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் பிள்ளை நடக்க ஆரம்பித்துவிடும். எனக்குப் பிரசவ வலி எடுத்தபோது என் கணவர் மருத்துவமனை வாசலில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மனிதர் நல்லவர், அன்றைய வழக்கம் அது. உள்ளே நான் பட்டதை இன்றுவரை அவருக்கு என்னால் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. உங்கள் வீட்டில் அந்தச் சிரமம் இருக்காது. ஆனால் இவ்வளவு நீளமான கடிதத்தில் உங்கள் மனைவி ஒரு வார்த்தையாவது பேசுகிறாரா என்று திரும்பப் படித்துப் பாருங்கள். நீங்கள் இடுப்பை அழுத்தினீர்கள், நீங்கள் கொடியை வெட்டினீர்கள். பெற்றவள் எங்கே? அடுத்த பிள்ளையை ஊரில் வீட்டிலேயே பெற 'ஆசைப்படுகிறோம்' என்கிறீர்களே, அதில் அவர் பங்கு எவ்வளவு?

உங்கள் கடிதம் வந்த வாரத்தில் எங்கள் ஊர் மருத்துவச்சியைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஊரில் எங்கள் பழைய வீட்டை இடிக்கிறார்கள். என்ன வேண்டும் என்று தம்பி மகன் கேட்டான். கொல்லைக் கதவை மட்டும் எடுத்து வை என்றேன். அது வேப்பமரக் கதவு, பாதி செல்லரித்தது. எதற்கு அத்தை என்றான். அவனுக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன்.

அதற்கு முன் அந்த ஊசி. 'தொடையில் ஓர் ஊசி போட்டார்' என்று போகிற போக்கில் எழுதிவிட்டுக் கடைசியில் 'முழுக்க முழுக்க இயற்கை' என்கிறீர்கள். தம்பி, அந்த ஊசிதான் கதையே. பிள்ளை வெளியே வந்ததும் கருப்பை சுருங்கி இறுக வேண்டும். இறுகாவிட்டால் நஞ்சுக்கொடி ஒட்டியிருந்த இடத்திலிருந்து ரத்தம் கொட்டும். பிள்ளையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பவள் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடுவாள். கருப்பையை இறுக்குவதற்காகப் போடுவதுதான் ஆக்ஸிடோசின். நம் உடம்பே சுரக்கும் பொருள்தான், ஆனால் அவர் போட்டது தொழிற்சாலையில் செய்தது. அதை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிக் காட்டியவர் வின்சென்ட் டு விக்னோ. 1955-இல் அவருக்கு வேதியியல் நோபல் கொடுத்தார்கள். சூட்டில் வைத்தால் வீரியம் போய்விடும், குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். நீங்கள் இயற்கை என்று சொல்வதற்குப் பின்னால் மின்சாரம் நிற்காத ஒரு குளிர்பெட்டி இருக்கிறது.

மூலையில் 'சும்மா' உட்கார்ந்திருந்தார் என்பதையும் திருத்திக்கொள்ளுங்கள். அந்த நாட்டு விதிப்படி வலி நன்றாகப் பிடித்த பிறகு 15 நிமிடத்துக்கு ஒருமுறை குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்க வேண்டும். முக்கும் நேரம் வந்துவிட்டால் 5 நிமிடத்துக்கு ஒருமுறை. கையில் இருந்த சின்னக் கருவியை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள், மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பீர்கள். நாடியைப் பிடித்துக்கொண்டு சும்மா இருப்பதுதான் அந்த வேலையின் கஷ்டமான பகுதி. சும்மா இருக்கத் தெரியாத டாக்டர்களால்தான் நம் ஊரில் கத்தி சீக்கிரம் வெளியே வருகிறது.

இங்கிலாந்தில் 64,000-க்கும் மேற்பட்ட பிரசவங்களைக் கணக்கெடுத்து 2011-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சிக்கலில்லாத கர்ப்பம் என்றால் மிட்வைஃப் பிரிவில் பிறந்த குழந்தைகளுக்கு ஆபத்து கூடவில்லை, தாய்க்குக் கத்தியும் குறைவு. இதைச் சொல்லி நீங்கள் மகிழலாம். அதே ஆய்வில் இன்னொன்றும் உண்டு. தலைப்பிரசவத்துக்கு அந்தப் பிரிவுகளுக்கு வந்தவர்களில் நூற்றுக்கு 36 முதல் 40 பேரை டாக்டர்களிடம் மாற்ற வேண்டி வந்தது. உங்கள் மனைவி மீதி அறுபதில் ஒருவர். நாற்பதில் ஒருவராக இருந்திருந்தாலும் நடைபாதையில் தள்ளுவண்டி ஓடியிருக்கும், பிள்ளை பிழைத்திருக்கும், நீங்கள் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டீர்கள்.

அந்த நடைபாதை உங்கள் ஊர் வீட்டில் எங்கே இருக்கிறது? 2018-இல் திருப்பூரில் காணொளி பார்த்து வீட்டிலேயே பிள்ளை பெற்ற இளம்பெண், ரத்தப்போக்கில் இறந்துபோனார். பள்ளி ஆசிரியை. படிக்காதவர்கள் செய்கிற காரியம் என்று தள்ளிவிட முடியாது.

பிள்ளை பெற்றுவிட்டு மறுநாளே களை எடுக்கப் போன பாட்டி கதையை என்னிடம் சொல்லாதீர்கள். நான் அந்தக் காட்டிலிருந்து வந்தவள். அவள் உடம்பு இரும்பாக இருந்ததால் போகவில்லை, போகாவிட்டால் கூலி இல்லை. போகாமலே போனவர்களைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை.

இப்போது மருத்துவச்சி. எங்கள் ஊரில் முடி திருத்துகிறவரின் மனைவிதான் பிரசவம் பார்ப்பாள். அவளுடைய மாமியார் பார்த்தாள், மாமியாருக்கு மாமியாரும் பார்த்தாள். கறுத்த, ஒல்லியான, நீண்ட விரல்கள் உள்ள பெண். வயிற்றில் கையை வைத்ததும் 'தலை இறங்கிவிட்டது, கோழி கூப்பிடும் நேரத்துக்குப் பார்' என்பாள். உத்திரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டு, அதைப் பிடித்துக்கொண்டு குந்தச் சொல்வாள். படுக்க விட மாட்டாள். முதுகில் விளக்கெண்ணெய் தேய்த்தபடி காதோரம் என்னவோ முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள். உங்கள் மிட்வைஃப் படித்துத் தெரிந்துகொண்டதில் பாதி அவளுக்குக் கையில் இருந்தது.

அவள் வருவது கொல்லை வாசல் வழியாக. முன்வாசல் ஏறக்கூடாது. பிள்ளையை எடுத்து, கொடியை அறுத்து, நஞ்சைப் புதைத்துவிட்டு அதே வழியாகப் போக வேண்டும். போனபின் அவள் உட்கார்ந்த இடத்தில் சாணி கரைத்துத் தெளிப்பார்கள். தண்ணீர் கேட்டால் என் அப்பத்தா செம்பை உயர்த்திப் பிடித்து ஊற்றுவாள், அவள் இரு கையையும் குவித்துக் குடிப்பாள். சற்று முன்னால் அந்த வீட்டின் வாரிசை முதலில் தொட்டு எடுத்த கைகள். கூலி, ஆண் பிள்ளைக்கு இரண்டு மரக்கால் கம்பு, பெண் பிள்ளைக்கு ஒன்று. அதோடு ஒரு பழம்புடவை, வெற்றிலை பாக்கு. நான் ஒரு மரக்கால்.

எனக்கு முன் ஓர் அண்ணன் பிறந்தான். இரண்டு மரக்கால். ஏழாம் நாள் தாடை இறுகிப் பால் குடிக்க முடியாமல் செத்துப்போனான். மருத்துவச்சி தொப்புள்கொடியை அறுத்தது தன் வீட்டுக்காரரின் சவரக்கத்தியால். அறுத்த இடத்தில் சாணிச் சாம்பலை வைத்தது என் அப்பத்தா. அது டெட்டனஸ் என்று யாருக்கும் தெரியாது. கைராசி கெட்டவள் என்று ஊர் அவளைச் சொன்னது, சாம்பலை வைத்த கையைப் பற்றி யாரும் பேசவில்லை. சில மாதம் அவளை யாரும் கூப்பிடவில்லை. பிறகு கூப்பிட்டார்கள், வேறு ஆள் இல்லை. என்னை எடுக்க வந்தபோது கத்தியை அடுப்பில் காட்டிச் சிவக்க வைத்துவிட்டு அறுத்தாளாம். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று அம்மாவிடம் கேட்டேன். 'யார் சொல்வார்கள்? அவளாகத்தான் ஏதோ யோசித்திருக்கிறாள்' என்றார்.

தம்பி, அவளாகத்தான் யோசித்திருக்கிறாள். சோப்பு, புது பிளேடு, கொதிக்க வைத்த நூல், இந்த மூன்றையும் கொடுத்து ஒரு மாதம் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்திருந்தால் அவள் எங்கே போயிருப்பாள்! தாய்க்கும் சேய்க்கும் வரும் டெட்டனஸை ஒழித்துவிட்டோம் என்று இந்தியா அறிவிக்க 2015 ஆனது.

வெள்ளைக்காரன் பாதுகாத்து வைத்தான் என்கிறீர்களே, அவன் பாட்டியின் கைவைத்தியத்தைப் பாதுகாக்கவில்லை. 1902-இல் மிட்வைஃப் சட்டம் கொண்டுவந்தான். பயிற்சி, பதிவு, மேற்பார்வை. 1910-க்குப் பிறகு சான்று இல்லாதவர்கள் அதைத் தொழிலாகச் செய்யக்கூடாது என்றான். அங்கேயும் கிராமத்துக் கிழவிகள் பிழைப்பை இழந்திருப்பார்கள், அது வேறு கதை. ஆனால் அந்த வேலை நிலைத்தது, மரியாதை கூடியது, சம்பளம் வந்தது. சென்னை மாகாணத்திலும் 1926-இல் செவிலியர், மருத்துவச்சிகள் சட்டம் வந்தது. எங்கள் கொல்லை வாசல் வரை அது வரவேயில்லை.

திருச்சி மலைக்கோட்டைத் தாயுமானவர் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். காவிரியில் வெள்ளம், பெண்ணின் தாய் அக்கரையில் மாட்டிக்கொண்டாள், சிவபெருமானே தாய் வடிவில் வந்து பிரசவம் பார்த்தார். சுகப்பிரசவத்துக்கு இன்றும் வாழைத்தார் நேர்ந்துகொள்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த கதை. ஆனாலும் ஒரு சந்தேகம் போகவில்லை. கடவுள் தாயாகத்தான் வந்தார். அந்தத் தெருவில் ஒரு மருத்துவச்சி இருந்திருப்பாளே, கதையில் அவள் எங்கே போனாள்?

ஆங்கில மருத்துவம் எதையும் அழிக்கவில்லை. எங்கள் மருத்துவச்சியின் மகளே அந்தத் தொழில் வேண்டாம் என்று ஓடினாள். ஓடியது நல்லது.

இதனால் ஆஸ்பத்திரிகளை நான் தூக்கிப் பிடிக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். 1984-இல் நான் பிள்ளை பெற்ற இடத்தில் தொடையில் அறைந்தார்கள். 'அப்போது இனித்தது, இப்போது கத்துகிறாயா' என்றார்கள். பக்கத்துக் கட்டிலில் பத்தொன்பது வயதுப் பெண், அவளுக்கும் அதே வசனம். எங்கள் ஊர் மருத்துவச்சி ஒருத்தியையும் அப்படிப் பேசியதில்லை. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 44.9 பிரசவம் அறுவை. தனியாரில் 63.8. ஏறக்குறைய பாதிப் பேருக்கு வயிற்றைக் கிழிக்க வேண்டிய அளவுக்கா தமிழச்சியின் இடுப்பு கெட்டுவிட்டது? நட்சத்திரம் பார்த்துத் தேதி குறித்துக் கொடுக்கும் மாமனார்களும் இதில் கூட்டு.

இதற்கெல்லாம் மாற்று உங்கள் ஊரிலேயே இருக்கிறது, நீங்கள் பார்க்க மாட்டீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவு வேலையில் இருக்கும் நர்சம்மாதான் இன்றைய மருத்துவச்சி. அவர் படித்த டிப்ளமோவின் பெயரிலேயே மிட்வைஃபரி இருக்கிறது. செவிலியர்களுக்கு 18 மாதம் தனிப் பயிற்சி கொடுத்து மிட்வைஃப்களாக ஆக்குவோம் என்று மத்திய அரசு 2018-இல் வழிகாட்டுதலும் வெளியிட்டது. மிட்வைஃப் என்றால் பெருமையாக எழுதும் நீங்கள், உங்கள் தங்கைக்குப் பிரசவம் என்றால் அந்த நர்சம்மாவிடம் கூட்டிப்போவீர்களா? உண்மையைச் சொல்லுங்கள். கார் எடுத்துக்கொண்டு டவுனுக்குத்தான் போவீர்கள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஊரில் மருத்துவச்சி இல்லை. இரண்டாவதையும் அங்கேயே பெற்றுக்கொள்ளுங்கள், உங்கள் மனைவிக்கும் அதுதான் இஷ்டம் என்றால். அவருடைய அம்மாவை வரவழையுங்கள், விசாவுக்கு நேரத்தோடு எழுதிப் போடுங்கள். பிரசவ லேகியத்தைக் கைப்பையில் வைக்காமல் பெட்டிக்குள் வைத்து அனுப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள்.

உங்கள் கடிதத்தில் அந்த மிட்வைஃபின் பெயரை மூன்று இடத்தில் எழுதியிருந்தீர்கள். தளத்தில் போடுவதால் எடுத்துவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பெயரை எடுக்கும்போதுதான் கை நின்றது.

கல்லூரி இரண்டாம் ஆண்டு விடுமுறையில் எங்கள் மருத்துவச்சி ஒரு தாளை எடுத்துக்கொண்டு வந்தாள். கொல்லை வாசல் வழியாகத்தான். கணவர் இறந்திருந்தார், முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுத வேண்டும். நான் பேனாவை எடுத்துக்கொண்டு பெயர் என்ன என்றேன். ஊரே அவளை மருத்துவச்சி என்றுதான் கூப்பிடும். அம்மாவுக்கும் தெரியாது, அப்பத்தாவுக்கும் தெரியாது. அவள் கொஞ்சம் வெட்கப்பட்டு, சிரித்து, பிறகு சொன்னாள். நான் என் கையால் எழுதினேன். கட்டைவிரல் ரேகை வைத்துவிட்டுப் போனாள்.

ஒரு வாரமாக யோசிக்கிறேன். அந்தப் பெயர் நினைவுக்கு வரவில்லை.