பழைய கட்டிலும் அலுமாரியும்: ஓக்கா, முதிரையா?

வவுனியாவில் உங்கள் பாட்டனார் விட்டுச்சென்ற கட்டிலும் அலுமாரியும் ஓக் மரமா என்றும், அவற்றை எவ்வாறு பேணுவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஓக் குளிர்நாட்டு மரம். வன்னி வீடுகளில் முதிரைக்கும் தேக்குக்குமே வாய்ப்பு அதிகம் என்பதால், ஐயத்தோடு தொடங்குங்கள்.

லாச்சியைக் கழற்றி, மெருகு படாத பலகை முனையைக் கவனியுங்கள். ஓக்கில் ஆண்டு வளையங்களை ஒட்டிப் பெரிய துளைகள் வரிசையாகத் தெரியும்; ஆரவாக்கில், அதாவது மரத்தின் நடுவிலிருந்து பட்டையை நோக்கி, அறுத்த பலகையின் முகத்தில் மினுங்கும் கீற்றுகளும் ஓடும். முதிரையிலோ துளைகள் மிக நுண்ணியவை, நிறம் பொன்மஞ்சள், வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் பளபளப்பு பட்டை பட்டையாக மாறும், எடையும் ஓக்கைவிட அதிகம். ஓக்கிலுள்ள தனின் என்னும் துவர்ப்புப் பொருள் ஈரத்தில் இரும்போடு சேர்ந்து கருநீலக் கறையாகும் என்பதால் ஆணியைச் சுற்றிய கறை ஒரு தடயமே. ஆனால் தனின் வேறு மரங்களிலும் உண்டு.

எந்த மரமானாலும், உலர்ந்த துணியால் துடைத்து, இடைக்கிடை தேன்மெழுகை மெல்லியதாகப் பூசினாற் போதும். மாரியில் உப்பிக் கோடையில் சுருங்கும் கதவுப் பலகையைச் சட்டத்தோடு பசையிட்டு இறுக்கினால் அது வெடித்துவிடும். அரத்தாள் தேய்த்துப் புதிதாக்கித் தருவதாகச் சொல்லும் தச்சரிடம் கொடுக்கவே வேண்டாம். பழம்பொருளின் பெறுமதி பெரிதும் அந்த மேற்பரப்பில்தான் இருக்கிறது. சிறு துளைகளிலிருந்து புதிதாக மாவு கொட்டினால் வண்டு உள்ளே இருக்கக்கூடும்; அந்தத் தளபாடத்தை மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். கறையானுக்காக, அலுமாரியைச் சுவரோடு ஒட்டாமல் சற்றுத் தள்ளி நிறுத்தி, பின்புறத்தை அடிக்கடி பாருங்கள்.