ஏ, இ, ஐ, ஓ, யு ஐந்தும் வரும் நீளமான ஆங்கிலச் சொற்கள் சிலவற்றைப் பொருளோடு சொல்ல முடியுமா?

முழுப் பட்டியல் போட்டால் எங்கேயோ போய்விடும். எனக்குப் பிடித்த சிலவற்றை மட்டும் சொல்கிறேன். அவற்றுக்குள் ஐந்து உயிரெழுத்துகளும் எப்படி வந்து சேர்கின்றன என்பதையும் சொல்கிறேன். சொல் விளையாட்டு ஆடுகிறவர்களுக்கு அதுதான் கூடுதலாக உதவும்.

என் முதல் ஓட்டு ‘ஃபசீஷஸ்லி’க்கு. எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள்: எஃப், ஏ, சி, இ, டி, ஐ, ஓ, யு, எஸ், எல், ஒய். மொத்தம் 11. ஐந்து உயிரெழுத்துகளும் வரிசை மாறாமல், ஆளுக்கு ஒரே ஒரு முறை வருகின்றன. சில இடங்களில் உயிராகவும் சில இடங்களில் மெய்யாகவும் ஒலிக்கும் ஒய் கூட, தன் முறைக்குக் காத்திருந்ததுபோல் கடைசியில் வந்துவிடுகிறது. எந்த எழுத்தும் இரண்டு முறை வரவில்லை. பொருள்: அக்கறையோடு பேச வேண்டிய இடத்தில் விளையாட்டுத்தனமாக, கிண்டலாகப் பேசுவது.

இதே வரிசை உள்ள இன்னொரு சொல் ‘அப்ஸ்டீமியஸ்லி’, 12 எழுத்து. உணவிலும் மதுவிலும் அளவோடு, அடக்கத்தோடு என்று பொருள். லத்தீனில் ‘டெமெட்டம்’ என்றால் மது, ‘அப்’ என்றால் விலகி. மதுவை விட்டு விலகியவர் என்பதுதான் அடிப்படை. ஆங்கிலத்துக்கு வந்தபின் சாப்பாட்டையும் சேர்த்துக்கொண்டது.

சரி, வரிசை தலைகீழாக வருமா? வரும். ‘சப்கான்டினென்டல்’ என்ற சொல்லில் யு, ஓ, ஐ, இ, ஏ என்று பின்னாலிருந்து முன்னால் வருகின்றன. துணைக்கண்டத்தைச் சார்ந்த என்று பொருள். ‘அன்காம்ப்ளிமென்டரி’யும் அப்படித்தான். பாராட்டாத, குறைத்துப் பேசுகிற என்று அர்த்தம்.

இதெல்லாம் தற்செயலா என்றால், பாதிதான். பெரும்பங்கு விகுதியுடையது. லத்தீன் வழியாக வந்த விகுதிகள் உயிரெழுத்துகளைக் கூட்டமாகவே கொண்டுவருகின்றன. ‘ஃபசீஷஸ்’ என்ற சொல்லின் கடைசி நான்கு எழுத்துகள் ஐ, ஓ, யு, எஸ். மூன்று உயிர்கள் அங்கேயே முடிந்தன. முன்பகுதியில் ஏயும் இயும் இருந்தால் போதும். இ, ஓ, யு, எஸ் என்று முடியும் சொற்களும் உண்டு. அவற்றுக்கு ஏயும் ஐயும் மட்டுமே பாக்கி. நாம் அடிக்கடி பார்க்கும் ‘மிஸலேனியஸ்’ (பலவகையான), ‘சைமல்டேனியஸ்’ (ஒரே நேரத்தில் நிகழும்), ‘இன்ஸ்டன்டேனியஸ்’ (கண நேரத்தில் நிகழும்) மூன்றிலும் ஐந்து உயிர்களும் இருக்கின்றன. இதைக் கவனித்த பிறகு நான் சொற்களை மனப்பாடம் செய்வதையே விட்டுவிட்டேன். வாலைப் பார்த்தாலே மீதி என்ன வேண்டும் என்று தெரிந்துவிடுகிறது.

‘எஜுகேஷன்’ எல்லோருக்கும் தெரிந்த உதாரணம். ஒன்பது எழுத்தில் ஐந்தும். அதே ஒன்பது எழுத்துகளை மாற்றிப் போட்டால் ‘காஷன்ட்’ (எச்சரித்தார்) வரும், இன்னொரு முறை மாற்றினால் ‘ஆக்ஷன்ட்’ (ஏலம் விட்டார்) வரும். எழுத்து மாற்றத்தில் என்னை அசர வைத்த ஜோடி இன்னும் நீளம்: ‘சினிமடோகிராஃபர்’, ‘மெகாகைராப்டரன்’. இரண்டிலும் அதே 15 எழுத்துகள்தான். யு மட்டும் இல்லை, அதனால் உங்கள் கேள்விக்குக் கொஞ்சம் வெளியே நிற்கிறது. முதலாவது ஒளிப்பதிவாளர், இரண்டாவது பழந்தின்னி வௌவால்! ‘கைர்’ என்றால் கிரேக்கத்தில் கை, ‘ப்டெரான்’ சிறகு. கையே சிறகான பெரிய உயிரினம் என்று அந்தப் பெயரைப் பிரிக்கலாம்.

ஐந்து உயிர்களும் ஒரே ஒரு முறை, மெய்யெழுத்துகளும் ஒரே ஒரு முறை என்று கேட்டால் ‘அன்காபிரைட்டபிள்’ இருக்கிறது. 15 எழுத்து, பதிப்புரிமை கோர முடியாத என்று பொருள். அடுத்து 14 எழுத்தில் ‘ஆம்பிடெக்ஸ்ட்ரஸ்லி’. இரு கைகளாலும் சமமாக என்று பொருள். லத்தீனில் ‘ஆம்பி’ இரண்டும், ‘டெக்ஸ்டர்’ வலது. இரண்டு கையும் வலது கை என்கிறது இந்தச் சொல்.

எதிர்ப்பக்கத்தையும் பார்த்துவிடலாம். ‘ஸ்ட்ரெங்த்லெஸ்னெஸ்’ என்ற சொல்லில் 16 எழுத்து. உயிரெழுத்து என்று பார்த்தால் இ மட்டும்தான், மூன்று முறை. பலமில்லாத நிலை என்று பொருள். ‘ஸ்ட்ரெங்த்’, ‘லெஸ்’, ‘னெஸ்’ மூன்றும் பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சரக்கு. லத்தீன் விகுதி எதுவும் ஒட்டாததால் மற்ற உயிர்களுக்கு அங்கே வேலையில்லை.

அப்புறம், நீளம் என்றாலே எல்லோரும் சொல்லும் இரண்டு. ‘ஃப்ளாக்ஸினாஸினிஹிலிபிலிஃபிகேஷன்’, 29 எழுத்து. ஒன்றை மதிப்பற்றது என்று தள்ளுவது. அற்பமானது, ஒன்றுமில்லாதது என்ற பொருள்வரும் நான்கு லத்தீன் சொற்களைக் கோத்துச் செய்தது. 1741இல் வில்லியம் ஷென்ஸ்டன் என்ற கவிஞர் எழுதிய கடிதத்திலேயே இருக்கிறது. இதில் ஐ மட்டும் ஒன்பது முறை வரும். ஏ, ஓ, யு எல்லாம் உண்டு, ஆனால் ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் இ ஒன்றுகூட இல்லை! அதனால் உங்கள் பட்டியலில் சேராது.

சேர்வது மற்றொன்று: ‘நியூமோனோஅல்ட்ராமைக்ரோஸ்கோபிக்சிலிகோவல்கேனோகோனியோசிஸ்’, 45 எழுத்து. 1935இல், நீளமான சொல் வேண்டும் என்றே உருவாக்கினார்கள். ‘நியூமோனோ’ நுரையீரல், ‘அல்ட்ராமைக்ரோஸ்கோபிக்’ நுண்ணோக்கிக்கும் எட்டாத அளவு சிறியது, ‘சிலிகோ’ சிலிக்கா, ‘வல்கேனோ’ எரிமலை, ‘கோனி’ தூசு, ‘ஓசிஸ்’ நோய்நிலை. மிக நுண்ணிய சிலிக்கா தூசைச் சுவாசித்து வரும் நுரையீரல் நோய். இத்தனை நீளத்திலும் இ ஒரே ஒரு முறைதான் வருகிறது, ‘நியூ’ என்ற முதல் அசையில். அது மட்டும் இல்லையென்றால் இதையும் விட்டிருக்க வேண்டும். மருத்துவர்கள் இதைச் சொல்லிக்கொண்டிருப்பதில்லை, அவர்களுக்கு ‘சிலிகோசிஸ்’ போதும்.

எழுத்தில் பயன்படுத்தத்தான் கேட்கிறீர்கள் என்றால் ‘சைமல்டேனியஸ்’, ‘மிஸலேனியஸ்’, ‘ஃபசீஷஸ்’ மூன்றையும் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். ‘அப்ஸ்டீமியஸ்’ கொஞ்சம் ஏட்டு வாடை உள்ளது, இடம் பார்த்துப் போடலாம். விளையாட்டுக்கு என்றால், கையில் ஐ, ஓ, யு, எஸ் நான்கும் வந்தவுடன் அவற்றைக் கடைசியில் ஒதுக்கி வைத்துவிட்டு முன்னால் என்ன பொருந்தும் என்று தேடுங்கள்.