"மருந்து வந்துவிட்டதா டாக்டர்?" புதிய சிகிச்சைகள் பற்றிய கேள்வி பதில்

மருந்து ஆய்வுகளில் நோயாளிகளைச் சேர்த்துக் கண்காணிக்கும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். புது சிகிச்சைகள் பற்றிக் கேளுங்கள் என்றதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். ரிப்போர்ட்டை அனுப்பி "என்ன மாத்திரை போடலாம்" என்று கேட்டவர்கள் மன்னிக்கவும், அதற்கு உங்களை நேரில் பார்க்கிற டாக்டர்தான் பதில் சொல்ல முடியும்.

முருகேசன்: எடை குறைக்கும் ஊசி மாரடைப்பையும் 20% குறைக்கிறது என்று படித்தேன். அப்படியென்றால் போட்டுக்கொள்ளும் 100 பேரில் 20 பேர் தப்பிப்பார்களா மேடம்?

இல்லை சார். ஆனால் இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டதில் எனக்கு ரொம்ப சந்தோஷம், முக்கால்வாசிப் பேர் கேட்காமலே நம்பிவிடுகிறார்கள்.

நீங்கள் சொல்வது செமாக்ளுடைடு மருந்தைச் சோதித்த செலக்ட் ஆய்வு. 2023இல் முடிவு வந்தது. 17,604 பேர் கலந்துகொண்டார்கள். எல்லோரும் 45 வயதைத் தாண்டியவர்கள், உடல் பருமன் அல்லது அதிக எடை உள்ளவர்கள், ஏற்கெனவே இதய, ரத்தக்குழாய் நோய் உள்ளவர்கள், சர்க்கரை நோய் இல்லாதவர்கள். சுமார் 40 மாதம் கவனித்ததில், போலி ஊசி (மருந்தே இல்லாத ஊசி) போட்டவர்களில் 8 சதவீதம் பேருக்கு மாரடைப்போ பக்கவாதமோ இதய நோயால் மரணமோ நேர்ந்தது. மருந்து போட்டவர்களில் 6.5 சதவீதம். 8இலிருந்து 6.5க்கு இறங்கியதைத்தான் "20% குறைவு" என்று எழுதுகிறார்கள். கணக்கு சரிதான். ஆனால் 100 பேருக்குப் போட்டால் அந்தக் காலத்தில் பலன் பெறுவது ஒன்று அல்லது இரண்டு பேர்.

இது சின்ன விஷயம் இல்லை. ஏற்கெனவே ஸ்டாட்டின் என்ற கொழுப்பு மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை எல்லாம் சாப்பிடுகிறவர்களுக்கு அதற்கும் மேலே கிடைத்த பலன் இது. ஆனால் ஆய்வில் இருந்தவர்களைப் போல இதய நோய் இல்லாத 30 வயதுக்காரர் "எனக்கும் 20% குறையும்" என்று எடுத்துக்கொள்ள முடியாது. இன்னொன்று, பக்கவிளைவு தாங்காமல் மருந்தை நிறுத்தியவர்கள் 16.6 சதவீதம். போலி ஊசியில் 8.2. தலைப்புச் செய்தியில் இந்த எண் வராது.

ஷாலினி: அதே ஊசியை நிறுத்தினால் எடை திரும்பி வந்துவிடுமா?

பெரும்பாலும் வந்துவிடும். அதே செமாக்ளுடைடைச் சோதித்த ஸ்டெப் 1 ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக உடல் எடையில் 15 சதவீதம் அளவுக்குக் குறைந்தது. நிறுத்தி ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் ஏறுவதில்லையா, அதே கதைதான். உங்கள் மன உறுதிக் குறைவு என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

கார்த்திக் (மருத்துவ மாணவன்): அக்கா, ஒரு மருந்து வேலை செய்வது ரத்தப் பரிசோதனையிலேயே தெரிந்துவிட்டால் பிறகு எதற்குப் பல வருடம் பெரிய ஆய்வு? அதற்குள் எத்தனை பேர் இறந்துபோவார்கள்?

தம்பி, காஸ்ட் ஆய்வைப் படித்தாயா? இதய மருத்துவத்தில் இன்றைக்கும் பயத்தோடு சொல்லிக்கொடுக்கும் பாடம் அது.

1980களில், மாரடைப்பு வந்து பிழைத்தவர்களுக்கு ஈசிஜியில் தாறுமாறான கூடுதல் துடிப்புகள் தெரிந்தால் அவர்கள் திடீரென்று இறக்கும் வாய்ப்பு அதிகம் என்பது தெரிந்திருந்தது. அந்தத் துடிப்புகளை அடக்க என்கைனைடு, ஃபிளெகைனைடு என்று மருந்துகள் இருந்தன. கொடுத்தால் ஈசிஜி சுத்தமாகிவிடும். டாக்டர்களும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். "துடிப்பு அடங்கினால் உயிர் பிழைக்கும்" என்பது யாரும் கேள்வி கேட்காத விஷயம்.

பிறகுதான் ஒரு குழு அதைச் சோதித்தது. எப்படி என்று கவனி: முதலில் எல்லோருக்கும் மருந்து கொடுத்து, யாருக்குத் துடிப்பு நன்றாக அடங்கியதோ அவர்களை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அதாவது மருந்து "வேலை செய்த" நோயாளிகள். அவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு மருந்து, மறு பாதிக்குப் போலி மாத்திரை. சராசரியாகப் பத்து மாதம். மருந்து எடுத்த 755 பேரில் 63 பேர் இறந்தார்கள். போலி மாத்திரை எடுத்த 743 பேரில் 26 பேர். 1989இல் அந்த இரண்டு மருந்துகளையும் ஆய்விலிருந்து எடுத்துவிட்டார்கள்.

ஈசிஜி அழகாக இருந்தது, ஆள் இல்லை. ரத்தத்தில் ஓர் எண் குறைவது, ஸ்கேனில் ஒரு கட்டி சுருங்குவது எல்லாம் அந்த ஈசிஜி மாதிரி இடைநிலை அடையாளம்தான். நல்ல கொழுப்பு எனப்படும் எச்டிஎல்லை ஏற்றிய டார்செட்ராபிப் மருந்தும் 2006இல் இப்படித்தான் விழுந்தது. கொழுப்பு எண் ஏறியது, மரணமும் ஏறியது. அதனால் புது மருந்துச் செய்தி எதைப் படித்தாலும், "எதை அளந்தார்கள்? யாரிடம் அளந்தார்கள்? எதோடு ஒப்பிட்டார்கள்?" என்று பார். இன்றைக்கு நான் சொல்லும் பதில் எல்லாம் இந்த மூன்றைச் சுற்றித்தான்.

பெயர் வேண்டாம்: என் மகளுக்குத் தலசீமியா. மாதா மாதம் ரத்தம் ஏற்றுகிறோம். மரபணுவைத் திருத்தும் சிகிச்சை வந்துவிட்டது என்கிறார்கள். உண்மையா டாக்டர்?

உண்மைதான் அம்மா. கிரிஸ்பர் என்ற மரபணு வெட்டித் திருத்தும் முறையில் செய்யப்படும் கேஸ்ஜெவி என்ற சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டனில் முதல் அனுமதி கிடைத்தது. அரிவாளணு சோகைக்கும் தலசீமியாவுக்கும். அடுத்த இரண்டு மாதங்களில் இரண்டுக்குமே அமெரிக்காவிலும் கிடைத்தது.

இதில் கெட்டுப்போன மரபணுவையே சரி செய்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தாயின் வயிற்றில் இருக்கும்போது நமக்கு வேறொரு வகை ஹீமோகுளோபின் உண்டு. பிறந்த சில மாதங்களில் பிசிஎல்11ஏ என்ற மரபணு அதை அணைத்துவிடும். இந்தச் சிகிச்சை, ரத்த செல்களில் அந்த அணைக்கும் சுவிட்சை முடக்குகிறது. பழைய ஹீமோகுளோபின் மறுபடி சுரக்கிறது, குறையுள்ளதன் வேலையை அது செய்கிறது.

நடைமுறை எப்படி என்பதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் செய்தியில் "ஒரே ஊசி" என்று போடுகிறார்கள். முதலில் மருந்து கொடுத்து எலும்பு மஜ்ஜையிலிருந்து ஸ்டெம் செல்களை (ரத்த செல்களை உருவாக்கும் மூல செல்கள்) ரத்தத்துக்கு வரவழைத்து, இயந்திரத்தில் மணிக்கணக்கில் வடித்தெடுப்பார்கள். போதாவிட்டால் இன்னொரு முறை. அது ஆய்வகத்துக்குப் போய்த் திருத்தப்பட்டுத் திரும்பி வரப் பல மாதம் ஆகும். அதற்குப் பிறகு பியூசல்ஃபான் என்ற கடுமையான கீமோ மருந்தால் இருக்கிற மஜ்ஜையைக் காலி செய்வார்கள். முடி கொட்டும், வாய் புண்ணாகும், தொற்று ஏற்படும் ஆபத்து உண்டு, பின்னாளில் குழந்தைப்பேறு பாதிக்கப்படலாம். மகள் விஷயத்தில் இதைக் கட்டாயம் முன்கூட்டியே கேட்டுப் பேசுங்கள். அதன் பிறகுதான் திருத்திய செல்களை ஏற்றுவார்கள். அவை வேரூன்றும்வரை சில வாரம் தனி அறை.

பலன்? தலசீமியா ஆய்வில் போதிய காலம் கவனிக்கப்பட்ட 35 பேரில் 32 பேருக்கு ஒரு வருடத்துக்கு மேல் ரத்தமே ஏற்ற வேண்டியிருக்கவில்லை. மாதா மாதம் ஊசி குத்திக்கொள்கிற குழந்தைக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அனுமதி 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்றுதான் தொடங்கியது, செலவும் மலைக்கவைப்பது. பொருந்தும் உடன்பிறப்பு இருந்தால் மஜ்ஜை மாற்று சிகிச்சை இன்றும் நல்ல வழி. அதைப் பழசு என்று தள்ளிவிடாதீர்கள்.

சுதா: ஒரே ஒரு குழந்தைக்காகவே தனியாக மருந்து செய்தார்கள் என்றார்களே?

ஆமாம், 2025இல் ஃபிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையில். சிபிஎஸ்1 என்ற நொதி குறைபாட்டோடு பிறந்த குழந்தை. அம்மோனியா உடம்பில் சேர்ந்து மூளையைத் தாக்கும் நோய். அந்தக் குழந்தையின் மரபணுவில் இருந்த ஒற்றை எழுத்துப் பிழைக்கென்றே ஒரு மரபணுத் திருத்தியை வடிவமைத்து, கொழுப்புத் துகளில் வைத்துக் கல்லீரலுக்கு அனுப்பினார்கள். வேலை முழுக்க ஆறு மாதத்தில் முடிந்தது. இங்கே உடம்புக்கு உள்ளேயே திருத்தம் நடக்கிறது, கீமோ கிடையாது. அம்மோனியாவுக்காகக் கொடுத்துவந்த மருந்தின் அளவைக் குறைக்க முடிந்தது, முன்பைவிட அதிகப் புரதத்தைக் குழந்தையின் உடம்பு தாங்கியது. குணமாகிவிட்டது என்று அந்த மருத்துவர்களே சொல்லவில்லை. என்னைக் கேட்டால், கடந்த சில வருடங்களில் வந்த செய்திகளில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது இதுதான்.

ராமநாதன்: என் மனைவிக்கு ஆறேழு வருடமாக அல்சைமர். இப்போது என்னையே தெரியவில்லை. லெக்கானிமாப் கொடுத்தால் நினைவு திரும்புமா?

திரும்பாது ஐயா. இதை நீட்டி முழக்கிச் சொல்வதைவிட நேராகச் சொல்வதே நல்லது. அந்த மருந்து ஆரம்பக் கட்டத்தில் இருப்பவர்களிடம் மட்டும்தான் சோதிக்கப்பட்டது, அவர்களுக்கு மட்டுமே அனுமதி.

1,795 பேர், 18 மாதம். மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதம் நன்றாகக் குறைந்தது. நோயின் கடுமையை அளக்கும் 18 புள்ளி அளவுகோலில் போலி மருந்து எடுத்தவர்கள் 1.66 புள்ளி மோசமானார்கள், மருந்து எடுத்தவர்கள் 1.21. "27% வேகம் குறைந்தது" என்பது இந்த அரைப் புள்ளிக்கும் குறைவான வித்தியாசம்தான். வீட்டில் இருப்பவர்கள் கண்ணுக்கு அது தெரியுமா என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே சண்டை. மருந்து எடுத்தவர்களில் 12.6 சதவீதம் பேருக்கு மூளை வீக்கம் ஸ்கேனில் தெரிந்தது. பலருக்கு அறிகுறி இல்லை, சிலருக்கு ஆபத்தாகியது.

உங்கள் மனைவிக்கு இன்றைய நிலையில் தூக்கம், வலி, விழாமல் பார்த்துக்கொள்வது, இவற்றைக் கவனிக்கும் மருத்துவரால்தான் அதிக உதவி. உங்களையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபாத்திமா: 100 சதவீதம் குணமாக்கும் புற்றுநோய் மருந்து நிஜமா?

நிஜம், ஒரு சின்ன வட்டத்துக்குள். டோஸ்டார்லிமாப் என்ற மருந்து. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் 12 மலக்குடல் புற்றுநோயாளிகளுக்கு ஆறு மாதம் கொடுத்தார்கள், முடிவு 2022இல் வந்தது. எல்லோருக்கும் கட்டி மறைந்தது. அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் தேவைப்படவில்லை. 2025இல் வெளியான விரிவான முடிவில் 49க்கு 49. ஆனால் அத்தனை பேரின் கட்டியிலும் டிஎன்ஏ பிழையைச் சரிசெய்யும் அமைப்பு கெட்டுப்போயிருந்தது. மலக்குடல் புற்றுநோயாளிகளில் 5 முதல் 10 சதவீதம் பேர்தான் அப்படி. அந்தக் கட்டிகளில் பிழைகள் குவிந்து கிடப்பதால் நோய் எதிர்ப்பு செல்கள் சட்டென்று அடையாளம் கண்டுகொள்கின்றன. உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த நோய் என்றால், கட்டியில் இந்தச் சோதனை செய்தார்களா என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி சிகிச்சையையே மாற்றலாம்.

அருண்: எம்ஆர்என்ஏ தடுப்பூசி நம் டிஎன்ஏவை மாற்றிவிடும் என்கிறார்களே?

மாற்றாது. எம்ஆர்என்ஏ என்பது புரதம் செய்யச் சொல்லி செல்லுக்குக் கொடுக்கும் தற்காலிகக் குறிப்பு, அது டிஎன்ஏ இருக்கும் உட்கருவுக்குள் போவதில்லை, கொஞ்ச நாளில் சிதைந்துவிடும். இதே தொழில்நுட்பத்தில் ஒவ்வொரு நோயாளியின் கட்டிக்கும் தனித்தனியாகச் செய்யும் மெலனோமா (ஒரு வகைத் தோல் புற்றுநோய்) தடுப்பூசி சோதனையில் இருக்கிறது. 157 பேர் கொண்ட ஆய்வில் நம்பிக்கை தந்தது, பெரிய ஆய்வு தொடர்கிறது.

விஜயா: மகனுக்கு டைப் 1 சர்க்கரை. ஸ்டெம் செல்லில் இன்சுலின் இல்லாமலே வாழலாமாமே?

2025இல் வந்த முடிவைப் பார்த்திருப்பீர்கள். ஆய்வகத்தில் வளர்த்த இன்சுலின் சுரக்கும் செல்களை முழு அளவில் பெற்ற 12 பேரில் 10 பேர் ஒரு வருட முடிவில் இன்சுலின் இல்லாமல் இருந்தார்கள். ஆனால் அவர்கள் யார்? சர்க்கரை திடீரென்று விழுவதே தெரியாமல் மயங்கிப்போகிற, உயிருக்கு ஆபத்தான நிலையில் இருந்தவர்கள். அந்தச் செல்களை உடம்பு அழிக்காமலிருக்க எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தை விடாமல் எடுக்க வேண்டும். அந்த அடக்கலால் வரும் தொற்று விளையாட்டில்லை. நன்றாக விளையாடிக்கொண்டு பள்ளிக்குப் போகும் பையனுக்கு இன்சுலினை விட்டு இதை எடுப்பது இன்றைக்கு லாபமில்லாத பேரம். அடக்கும் மருந்து தேவைப்படாத செல்கள் வந்தால் நானே உங்களைத் தேடி வந்து சொல்வேன்.

ஜோசப்: எச்ஐவிக்குத் தடுப்பூசி வந்துவிட்டதா?

தடுப்பூசி இல்லை, ஆனால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடும் தடுப்பு மருந்து, லெனாகாபவிர். தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் நடந்த ஆய்வில் அதைப் பெற்ற 2,134 இளம் பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை. தினசரி மாத்திரை தரப்பட்ட குழுக்களில் வந்தது, பலரால் மாத்திரையை ஒழுங்காக எடுக்க முடியவில்லை. 2025 ஜூனில் அமெரிக்க அனுமதி கிடைத்தது. "எதை அளந்தார்கள்" என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதில் கிடையாது.

மீனாட்சி: அப்பாவை ஓர் ஆய்வில் சேர்க்கச் சொல்கிறார்கள். எலி மாதிரி வைத்துச் சோதிப்பார்களோ, போலி மாத்திரை கொடுத்து ஏமாற்றுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

பயம் நியாயம்தான். ஆனால் பயனுள்ள சிகிச்சை இருக்கும் கடுமையான நோயில் வெறும் போலி மாத்திரையோடு யாரையும் விட்டுவைக்க நெறிமுறைக் குழு அனுமதிக்காது. பெரும்பாலும் வழக்கமான சிகிச்சை எல்லோருக்கும் உண்டு, அதன் மேல் ஒரு குழுவுக்குப் புது மருந்து.

எந்தக் குழு கொடுத்துவைத்தது என்று முன்னால் யாருக்கும் தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள். கோவிட் நேரத்தில் பிரிட்டனில் நடந்த ரெக்கவரி ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் கேட்டு வாங்கிய மலேரியா மருந்து ஹைட்ராக்சிகுளோரோகுவினால் பலனில்லை என்று தெரிந்தது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத பழைய ஸ்டீராய்டு டெக்சாமெத்தசோன், வென்டிலேட்டரில் இருந்தவர்களின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது.

சம்மதப் படிவத்தை வீட்டுக்கு வாங்கி வந்து நிதானமாகப் படியுங்கள். உங்களுக்குப் புரியும் மொழியில் கேட்டு வாங்க உரிமை உண்டு. எத்தனை முறை வர வேண்டும், பாதிப்பு வந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது, ஆய்வு முடிந்த பிறகு மருந்து தொடர்ந்து கிடைக்குமா, இரவில் அவசரமென்றால் யாரைக் கூப்பிடுவது, இவற்றை எழுதிவைத்துக் கேளுங்கள். கையெழுத்துப் போட்ட பிறகும் அப்பா எந்த நாளிலும் விலகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை, அதற்காக அவருடைய வழக்கமான சிகிச்சையை நிறுத்தவும் கூடாது.